பசுங்கலமும் சுடுகலமும்: தமிழ் மட்கலத் தொழில்நுட்பமும் துருக்கியச் சினிக்கலையும் – ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையை நடுவாகக் கொண்ட நிலப்பகுதி, தெற்கே கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டையும் வடக்கே விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையையும் இரு எல்லைகளாகப் பெற்றது. சோழர் அரண்மனைக்கு வந்த சீனக்கலங்களின் உடைசில்லுகள் ஓர் எல்லையிலும், வெண்களிமண்ணில் இக்காலத்தில் நடைபெறும் பீங்கான் உற்பத்தி மற்றோர் எல்லையிலும் அமைய, இடைப்பட்ட ஊர்களில் கண்ணாடிப்பூச்சு இல்லாத செம்மட்கலமே வழங்கிவந்துள்ளது. அதே சீனக்கலம் துருக்கியின் இஸ்னிக் நகரில் புதியதொரு வண்ணக்கலையைத் தோற்றுவித்தது. இவ்வேறுபாட்டைத் தொழில்நுட்பக் குறைபாடாகக் கருதுவது பொருந்துமா என்பதை இக்கட்டுரை சங்க இலக்கியச் சான்றுகள், தொழில்முறை, கலைச்சொல் ஆகிய மூன்றன் துணையுடன் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வனைதல், பசுங்கலம், சூளை, மெருகு, கண்ணாடிப்பூச்சு, சினி, மாளிகைமேடு.

முன்னுரை

மட்கலம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் செல்கின்றன. தொல்லியல் வழி செல்வோர் பானையோடுகளைக் காலம் கணிக்கும் கருவியாகக் கொள்கின்றனர். இலக்கிய வழி செல்வோர் தாழி, குழிசி, சாடி முதலிய பெயர்களைத் தொகுத்து, அவை வரும் பாடல்களைச் சுட்டி அமைகின்றனர். கலத்தை ஆக்கிய கையின் அறிவு இவ்விரு வழிகளிலும் இடம்பெறாமல் போவதுண்டு. மண்ணைத் தேர்வது, திகிரியில் ஏற்றுவது, தட்டி விரிப்பது, சூளையில் அடுக்குவது ஆகிய ஒவ்வொரு படியும் ஒரு தீர்மானமாகும். அத்தீர்மானங்களை அறியாதவிடத்து இலக்கிய உவமைகளும் முழுமையாக விளங்குவதில்லை.

வேறொரு மரபோடு வைத்து நோக்கும்போது ஒரு மரபின் தீர்மானங்கள் தெளிவாகப் புலப்படும். அவ்வகையில் துருக்கிய மட்கலை மரபு ஒப்பீட்டுக்கு ஏற்றதாகும். அங்கே அவானோஸ் போன்ற ஊர்களில் பூச்சற்ற செம்மட்கலமும், இஸ்னிக், கூத்தாக்யா நகரங்களில் கண்ணாடிப்பூச்சுடைய வண்ணக்கலமும் அருகருகே வளர்ந்துள்ளன. தமிழகத்தில் முதலாவது வகை ஓங்கி வளர, இரண்டாவது வகை பெருமரபாக உருவாகவில்லை. இதற்கான காரணங்களைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மண்ணும்

வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் ஆகிய ஊர்கள் அமைந்த மேட்டுநிலம் கடலூர் மணற்கல் என நிலவியலார் குறிக்கும் அடுக்கின்மேல் அமைந்தது. முந்திரி விளையும் செம்மண் பரப்பு இது. இரும்புச்சத்து மிகுந்து சரளையோடு கலந்துள்ள இச்செம்மண் நேரே கலம் வனைதற்கு உதவாது. வனைதற்குரிய மண் இழுவைத்தன்மை உடையதாக இருத்தல் வேண்டும். நுண்துகள்கள் நீரில் மிதந்துவந்து படியும் ஏரி, குளங்களின் அடிப்படிவிலேயே அத்தன்மை அமைகிறது. ஆகவே இப்பகுதியில் மட்கலத் தொழில் ஏரிகளைச் சார்ந்தே இருந்துவந்துள்ளது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் சோழகங்கம் என்னும் பெயரில் அமைந்து, இன்று பொன்னேரி என வழங்கும் பேரேரியும் இப்பகுதிக்கு உரியதே. ஏரி என்பது பாசனத்திற்கு மட்டுமன்றிக் குயவரின் மண்ணுக்கும் மூலம் என்பது ஊர்ப் பொருளாதாரத்தை ஆராய்வோர் கருத்திற்கொள்ளத்தக்கது.

ஏரிமண்ணை அப்படியே பயன்படுத்தினால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். எனவே நுண்மணல் அளவறிந்து சேர்க்கப்படுகிறது. மணல் மிகுந்தால் மண் திகிரியில் எழாது. குறைந்தால் கலம் சூளையில் பிளக்கும். இவ்வளவைக் கண்ணாலும் விரலாலும் அறிவதையே குயவர் 'பதம்' என்கின்றனர். காலால் மிதித்தும் கையால் பிசைந்தும் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றுவது அடுத்த படி. காற்றுக்குமிழி தங்கிய இடம் சுடும்போது வெடிப்பாக மாறும்.

துருக்கியின் நடுப்பகுதியிலுள்ள அவானோஸ் நகரிலும் இதே நிலையைக் காணலாம். அந்நகரின் ஊடாகப் பாயும் கிஸிலிர்மாக் ஆற்றின் பெயருக்குச் 'சிவப்பு ஆறு' என்பது பொருள். அவ்வாற்றுப் படுகையின் செம்மண்ணே அங்குள்ள குயவர்களுக்கு மூலப்பொருள். இஸ்னிக் கலத்தின் உடலோ இதனின்று முற்றிலும் வேறானது. பொடித்த படிகக்கல்லே அதில் பெரும்பங்கு வகிக்கிறது. சிறிதளவு வெண்களிமண்ணும், உருக்கிப் பொடித்த கண்ணாடியும் பிணைப்பாகச் சேர்க்கப்படுகின்றன. அது மண்ணைவிடக் கல்லையே மிகுதியாகக் கொண்ட கலவையாகும். இழுவைத்தன்மை குறைந்த அக்கலவையைத் திகிரியில் ஏற்றுவது கடினம். வண்ணம் தீட்டத் தூய வெண்பரப்பு கிடைப்பது அதன் பயன். மண்ணின் தேர்விலேயே இரு மரபுகளின் நோக்கமும் பிரிந்துவிடுவதை இங்குக் காண்கிறோம்.

வனைதலும் தட்டுதலும்

தமிழில் 'வனைதல்' என்னும் வினை கலம் ஆக்குதலையே சிறப்பாகக் குறித்து வழங்குகிறது. சங்கப் பாடல்களில் இத்தொழில் நுணுக்கமாகப் பதிவாகியுள்ளது. நலங்கிள்ளியைக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 32ஆம் பாடலில், குயவர்தம் சிறுவர் திகிரியில் வைத்த பசுமண் திரள் அவர்கள் கருதிய வடிவத்தையே அடைவதுபோல, மன்னன் கருதிய முடிபையே நாடும் அடையும் என்னும் உவமை அமைந்துள்ளது. இதில் மூன்று செய்திகள் கவனத்திற்குரியன. திகிரி தேரின் சக்கரத்தோடு ஒப்பவைத்துச் சொல்லப்படுகிறது. எனவே அது பெரிய சுற்றளவும் எடையும் உடையது. திகிரியில் மண் வைப்போர் சிறுவராகச் சொல்லப்படுவதால், இளமையிலேயே தொழில் கற்கும் முறை புலனாகிறது. சுழலும் மண்திரளுக்குத் தனக்கென வடிவம் இல்லை. வனைவோனின் கருத்தே அதன் வடிவம். மூன்றாவது செய்தியே உவமையைத் தாங்குகிறது. அரசனின் ஆணையைப் புகழும் புலவர் குயவர்வீட்டுச் சிறுவரின் கையை அளவுகோலாகக் கொண்டிருப்பது அத்தொழிலுக்கு அன்றிருந்த மதிப்பை உணர்த்துகிறது.

எடைமிக்க திகிரி கோலால் சுழற்றிவிடப்பட்டுத் தன் விசையால் சிறிதுநேரம் சுழலும். அந்நேரத்திற்குள் ஒரு கலத்தின் வாயும் கழுத்தும் தோளும் உருவாகிவிட வேண்டும். துருக்கியக் குயவர் பயன்படுத்தும் காலுந்து சக்கரத்தில் வேகத்தைக் கால் இடைவிடாது காத்துக்கொள்ளும். இரு கைகளும் வடிவத்தில் நெடுநேரம் நிலைக்க முடியும். முன்னது வேகமும் எண்ணிக்கையும் வேண்டும் தொழிலுக்கும், பின்னது தனிக்கலத்தின் நுண்மை வேண்டும் தொழிலுக்கும் ஏற்றவை.

தமிழ்க் குயவரின் தனித்திறன் திகிரியை விட்டிறங்கிய பின்னரே முழுமையாக வெளிப்படுகிறது. பானை திகிரியிலிருந்து அறுக்கப்படும்போது அதன் சுவர் தடித்தும் அடி திறந்தும் இருக்கும். அரைகுறையாக உலர்ந்த நிலையில், உட்புறம் வழவழப்பான கல்லைத் தாங்கி, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலியச் செய்வர். தட்டத் தட்ட மண் விரிந்து அடி தானே மூடிக்கொள்ளும். உருண்டை அடி இவ்வாறுதான் கிடைக்கிறது. திகிரியில் மட்டும் அதனை ஆக்க இயலாது. தட்டுதலால் மண் இறுகுவதோடு சுவரின் தடிப்பும் எங்கும் ஒரே சீராகிறது.

உருண்டை அடியின் பயன் பலவாகும். மூன்று கற்களால் ஆன அடுப்பில் அது நன்கு பொருந்தும். மூலைகள் இல்லாமையால் வெப்பம் சமமாகப் பரவி, விரிசல் தோன்றும் வாய்ப்புக் குறையும். சும்மாட்டின்மேல் தலையிலும், இடுப்பிலும் எளிதில் அமரும். இஸ்னிக் தட்டும் கிண்ணமும் இதற்கு மாறாக, அடிவளையம் பெற்றுச் சமதளத்தில் நிற்பவை. அவை விருந்தில் பரப்பிக் காட்டப்படும் கலங்கள். அடுப்பில் ஏறுவதற்கு உரியன அல்ல.

சுடுதல்: மண் கலமாகும் எல்லை

சுடாத மண்ணும் சுட்ட கலமும் தோற்றத்தில் நெருங்கியவையாக இருப்பினும் இயல்பில் வேறானவை. உலர்ந்த கலத்தில் நீர் ஊற்றினால் அது மீண்டும் சேறாகும். ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசு வெப்பத்தில் களிமண்ணின் கட்டமைப்பிற்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதன்பின் எவ்வளவு நீரில் இட்டாலும் அது பழைய சேறாக மீள்வதில்லை. அவ்வெல்லையைக் கடக்காத கலமே 'பசுங்கலம்'.

இவ்வெல்லையைத் தமிழ்ப் புலவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். குறுந்தொகை 29ஆம் பாடலில் ஔவையார், மழைநீரை ஏற்ற பசுங்கலத்தை, தாங்கமாட்டாத ஆசை வெள்ளத்தை ஏற்ற நெஞ்சிற்கு உவமையாக்குகிறார். நற்றிணை 308ஆம் பாடலில், தலைவியின் வருத்தம் கண்டு பொருள்வயின் பிரியக் கருதிய தலைவனின் உள்ளம் நெகிழ்ந்து கரைவதற்கு அதுவே உவமையாகிறது. திருக்குறள் 660ஆம் குறளில், தீய வழியில் ஈட்டிய பொருளைக் காக்க முயல்வதற்குப் பசுமண் கலத்தில் நீரைப் பெய்து வைத்தல் உவமையாகிறது.

மூன்று இடங்களிலும் பொருள் ஒன்றே, நோக்கம் வேறு. பசுங்கலத்தில் ஊற்றிய நீர் ஓட்டைக்கலத்து நீர்போல் ஒழுகிப்போவதோடு நிற்பதில்லை. தன்னைக் கொண்ட கலத்தையும் அழிக்கிறது. நீரும் போய்க் கலமும் போகிறது. குறளுக்கு இத்தொழில்நுட்பப் பொருளை ஏற்றினால் கருத்துக் கூர்மையடைகிறது: தீய வழியில் வந்த பொருள் நீங்குவதோடு, அதனை வைத்திருந்தவனையும் கரைத்துவிடும். குறுந்தொகையில் அது நெஞ்சின் அழிவாகவும், நற்றிணையில் உறுதியின் கரைவாகவும் அமைகிறது. 'பசுமை' என்னும் சொல் இங்கு நிறத்தைக் குறிக்காமல் பக்குவப்படாமையைக் குறிப்பதும் நோக்கத்தக்கது. இன்றும் குயவர் வழக்கில் சுடாத மண் 'பச்சை மண்' எனவே வழங்குகிறது.

சூளையின் தோற்றத்தைப் புறநானூற்று 228ஆம் பாடல் காட்டுகிறது. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை விளித்துப் பாடுமிடத்து, இருள் திரண்டாற்போன்ற புகை வானில் எழும் சூளை சொல்லப்படுகிறது. மன்னனின் புகழுடம்பை அடக்கத்தக்க தாழியை வனைவதாயின் நிலவுலகைத் திகிரியாகவும் மேருமலையை மண்ணாகவும் கொள்ளல் இயலுமோ என்பது பாடலின் வினா. 256ஆம் பாடலில், வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிவந்த சிறுபல்லிபோலக் கணவனைப் பற்றி வந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். இரு பாடல்களிலும் கையறுநிலையில் விளிக்கப்படுபவன் கலம்செய்யும் கோவே. பிறப்பிறப்புச் சடங்குகளில் குயவர்க்கு இருந்த இடத்தை இது காட்டும்.

நாட்டுச் சூளையில் கலங்களை அடுக்கி, விறகு, எருவாட்டி, தேங்காய்மட்டை ஆகியவற்றை இடையிட்டு, வைக்கோலால் போர்த்தி, அதன்மேல் சேற்றுமண் பூசிப் புகைத்துளைகள் விடுவர். துளைகள் வழியே காற்றுப் போதிய அளவு சென்றால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறம் பெறும். காற்றைத் தடுத்தால் கரியும் புகையும் உட்புகுந்து கலம் கறுக்கும். பெருங்கற்கால, சங்ககால வாழிடங்களில் மிகுதியாகக் கிடைக்கும் கறுப்பு–சிவப்புக் கலங்கள் இவ்விரு நிலைகளையும் ஒரே கலத்தில் இணைத்தவை. கலத்தைக் கவிழ்த்து, வாயும் உட்புறமும் காற்றுப் புகாதவாறு வைத்துச் சுடும்போது உட்புறமும் விளிம்பும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் அமையும் என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். அவ்வகையில் தமிழ்க் குயவருக்கு நிறம் தருவது வண்ணப்பொடி அன்று, தீயும் காற்றுமே. துருக்கிய வண்ணக்கலைஞன் தூரிகையால் பெற்ற வேறுபாட்டைத் தமிழ்க் குயவன் சூளையைத் திறந்தும் அடைத்தும் பெற்றான் எனலாம்.

சீனக்கலம் இரு நாடுகளில்

கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என வழங்குகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு 1980களிலும், மீண்டும் 2021 முதலும் அகழாய்வுகள் நடத்தியுள்ளது. செங்கற்சுவர்கள், மிகுதியான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள் ஆகியவற்றோடு சீனக்கலச் சில்லுகளும் கிடைத்துள்ளன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துச் சோங் அரசவைக்குச் சென்றமை சீனப் பதிவுகளால் அறியப்படுவது. ஆகவே அரண்மனையோர் கண்ணாடிப்பூச்சுடைய கலத்தைக் கண்டும் கையாண்டும் இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

உதுமானிய அரசவையிலும் சீனக்கலம் பெருமதிப்புப் பெற்றது. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனைத் தொகுப்பில் 10,000-க்கும் மேற்பட்ட சீனக்கலங்கள் உள்ளன. அங்கு அம்மதிப்புப் புதுத்தொழிலாக மாறியது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்னிக் குயவர்கள் வெண்பரப்பில் நீலம் தீட்டும் கலங்களை ஆக்கத் தொடங்கினர். கோபால்ட்டு நீலமும் செம்பு தரும் பசுநீலமும் முதலில் வந்தன. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்புச்சத்து மிகுந்த செங்காவி மண்ணால் புடைத்துத் தோன்றும் சிவப்பு சேர்ந்தது. இஸ்தான்புல்லின் சுலைமானியே, ருஸ்தம் பாஷா பள்ளிவாசல்களின் சுவர்கள் இஸ்னிக் ஓடுகளால் அணிபெற்றன. 1617இல் நிறைவுற்ற சுல்தான் அகமது பள்ளிவாசலில் 20,000-க்கும் மேற்பட்ட ஓடுகள் பதிக்கப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் இஸ்னிக் நலிய, கூத்தாக்யா அம்மரபைத் தொடர்ந்தது. 2016ஆம் ஆண்டில் இக்கலை யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இக்கலைக்குத் துருக்கியில் 'சினி' என்று பெயர். 'சீனத்தது' என்பது அதன் பொருள். தமிழிலும் 'சீனச்சட்டி', 'சீனக் களிமண்' முதலிய வழக்குகள் உள்ளன. தமிழில் 'பீங்கான்' என வழங்குவது பாரசீகச் சொல். அதே சொல் அரபு வழியாகத் துருக்கி மொழியில் 'ஃபிஞ்சான்' ஆகிச் சிறு கோப்பையைக் குறிக்கிறது. இரு மொழிகளும் ஒரே பொருளை ஒரே வணிகத்தின் வழியே பெற்றமைக்கு இச்சொற்கள் சான்று. பொருளும் பெயரும் வந்து சேர்ந்த தமிழகத்தில் தொழில் மட்டும் ஏன் பெருமரபாக வேரூன்றவில்லை என்பதே எஞ்சும் வினா.

பூச்சின்மை குறையா, தேர்வா?

முதற்காரணம் பயன்பாடு. கண்ணாடிப்பூச்சு நீரைக் கசியவிடாது. தமிழகத்து வெப்பத்தில் கலம் கசிவதே வேண்டப்பட்டது; சுவரின் நுண்துளைகள் வழியே வெளிவரும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும். நெடுநல்வாடை கூதிர்காலத்தைக் காட்டுமிடத்து, குவிந்த வாயுடைய கன்னலின் குளிர்நீரை எவரும் அருந்தாமல், அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பை நாடியதாகக் கூறுகிறது. குளிரில் அந்நீரை விலக்கினர் என்பதால், பிற காலங்களில் அக்குளிர்ச்சிக்காகவே அக்கலம் பேணப்பட்டது என்பது பெறப்படும். வாயின் அமைப்பைக் கொண்டு கலத்தின் பயனைச் சுட்டும் முறையும் இங்கு அறியத்தக்கது. விறகுத்தீயில் நேரே ஏறும் சமையற்கலத்திற்கும் நுண்துளை உடல் ஏற்றது. வெப்பத்தால் உடல் ஓரளவும் பூச்சு வேறளவும் விரிய நேர்ந்தால் பூச்சு வெடித்துப் பெயரும்.

இரண்டாவது காரணம் சடங்கு. பொங்கலுக்குப் புதுப்பானை, திருமணத்தில் சுண்ணாம்பும் காவியும் தீட்டிய அரசாணிப்பானை, முளைப்பாலிகை, இறுதிச்சடங்கில் உடைக்கப்படும் குடம் ஆகியவற்றில் கலத்தின் புதுமையும் உடைமையுமே பொருள் உடையவை. உடைவதற்கென்றே ஆக்கப்படும் கலத்தில் நிலைத்த வண்ணத்திற்கு வேலையில்லை. நிலைத்திருக்க வேண்டிய கலங்கள் வெண்கலத்திலும் செம்பிலும் ஆக்கப்பட்டன.

மூன்றாவது காரணம் புரவலர். உதுமானியப் பேரரசு கட்டட அணிக்குப் பல்லாயிரம் ஓடுகளை வேண்டியது. அரசவை ஓவியர்கள் வரைந்த வடிவங்கள் இஸ்னிக் பட்டறைகளுக்குச் சென்றன. சோழப் பேரரசின் கட்டட அணி கல்லிலும் சுதையிலும் அமைந்தது. குயவரிடம் அரசு வேண்டியவை செங்கல், கூரை ஓடு, கோயில் மடைப்பள்ளிக் கலங்கள் ஆகியனவே. சோழர் செப்பேடுகளின் வரிப்பட்டியலில் வரும் 'குசக்காணம்' குயவர்மீது விதிக்கப்பட்ட வரி. புறநானூற்றில் கோவென விளிக்கப்பட்டோர் செப்பேட்டில் வரிசெலுத்துவோராக மட்டும் தோன்றுவது, தொழிலின் சமூகநிலை மாறியதையும் உணர்த்தும்.

குயவரின் அழகியல் கலத்தில் வெளிப்படாதவிடத்து வேறிடத்தில் வெளிப்பட்டது. ஐயனார் கோயில்களின் மண்குதிரைகள் அதற்குச் சான்று. குதிரையின் கால்கள் குழல்களாக வனையப்பட்டு, உடல் சுருள்களால் எழுப்பப்பட்டு, உள்ளீடற்றதாகவே சுடப்படுகிறது. மதுரைப் பகுதி வேளார்களின் இக்கலையை ஸ்டீபன் இங்கிலிஸ் 1980இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பல ஊர்களில் வேளாரே பூசாரியாகவும் இருக்கின்றனர். நற்றிணை 200, 293ஆம் பாடல்களில் குயவர் விழாவை அறிவிப்போராகவும் தெய்வத்திற்குப் பலியிடுவோராகவும் வருவது இத்தொடர்ச்சியின் பழமையைக் காட்டுகிறது.

தமிழகத்தில் கண்ணாடிப்பூச்சு அறவே இல்லை என்பதும் தவறு. வேலூரை அடுத்த கரிகிரியில் பச்சைப் பூச்சுடைய கலங்கள் ஆக்கப்பட்டுள்ளன. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோர் தொடங்கிய பட்டறை உயர்வெப்பக் கலங்களுக்கு ஒரு மையமானது. விருத்தாசலத்தில் நெய்வேலிப் பகுதி வெண்களிமண்ணைச் சார்ந்து பீங்கான் தொழில் வளர்ந்தது. பூச்சுக்கலையை ஏற்கும் திறன் இந்நிலத்திற்கு இருந்தது; அதற்கான தேவையே முன்னர் எழவில்லை என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

கலைச்சொற் குழப்பம்

ஒப்பீட்டில் வெளிப்படும் மற்றொரு செய்தி சொல்லைப் பற்றியது. கலத்தின் மேற்பரப்பில் நிகழும் செயல்கள் மூன்று. உலர்ந்த கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஒன்று. செங்காவியைக் குழைத்துப் பூசிச் சுடுவது மற்றொன்று. மணல்சார்ந்த பொருளை உருக்கிக் கண்ணாடியாகப் படியச்செய்வது மூன்றாவது. முதலாவதில் சேர்ப்பது எதுவுமில்லை. இரண்டாவதில் சேர்வது மண். மூன்றாவதில் சேர்வது கண்ணாடி. தமிழில் எழுதும்போது இம்மூன்றும் 'மெருகு' என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கப்படுமாயின், சோழர்காலச் சீனச்சில்லும் சங்ககாலக் கறுப்பு–சிவப்புச் சில்லும் ஒரே தொழில்நுட்பம் உடையனபோலத் தோன்றிவிடும். ஆகவே முதலாவதை மெருகு எனவும், இரண்டாவதைக் காவிப்பூச்சு எனவும், மூன்றாவதைக் கண்ணாடிப்பூச்சு எனவும் வேறுபடுத்தி வழங்குதல் தகும்.

இச்சொல்லாக்கம் குயவர் வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். பதம், பச்சை மண், தட்டுதல், சூளை வைத்தல் ஆகியவை தொழிலின் உள்ளிருந்து பிறந்த சொற்கள். குழிசி, தசும்பு, தடவு, கன்னல், தடா ஆகியவை இலக்கியத்தில் மட்டுமே தங்கிவிட்டன. மிடா, கலயம், தோண்டி, மொந்தை ஆகியவை பேச்சு வழக்கிலும் தேய்ந்துவருகின்றன. கலம் மறையும்போது பெயர் மறைகிறது. பெயர் மறைந்தபின் பாடல் இருந்தும் பொருள் மங்குகிறது. பசுங்கல உவமை மூன்றும் இதற்கு எடுத்துக்காட்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தமிழ் மட்கலத்தின் பூச்சின்மை அறியாமையால் விளைந்ததன்று. தட்பவெப்பம், அடுப்பு, சடங்கு, புரவலர் தேவை ஆகியன இணைந்து உருவாக்கிய தேர்வாகும். துருக்கியச் சினிக்கலை பரப்பின் வண்ணத்தில் அடைந்த உயர்வைத் தமிழ் மட்கலை சுவரின் மென்மை, உருண்டை அடி, தீயின் ஆட்சி ஆகியவற்றில் அடைந்தது. சங்க இலக்கிய உவமைகளின் முழுப்பொருளைக் காண்பதற்குத் தொழில்நுட்ப அறிவு இன்றியமையாதது.

துருக்கியில் ஓவியம் தீட்டுவோர், பூச்சிடுவோர், சூளை எரிப்போர் எனப் பலர் பங்கும் ஒரே மரபுரிமையாக ஏற்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் மண்பாண்டத் தொழிலாளர் நலவாரியமும் மழைக்கால நிவாரணமும் வாழ்வுக்குத் துணைசெய்கின்றன. நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறையும் 2024இல் நடைமுறைக்கு வந்தது. மண் கிடைப்பதற்கு இவ்வாறு வழி பிறந்துள்ளது. மண்ணின் பதத்தை அறிந்த கைகளின் சொற்களைத் தொகுக்கும் பணி தமிழ்த்துறைகளைச் சார்ந்தது. மாளிகைமேட்டிற்கும் விருத்தாசலத்திற்கும் இடைப்பட்ட ஊர்களில் இன்னும் திகிரி சுழலும் வீடுகளிலிருந்து அப்பணியைத் தொடங்குதல் வேண்டும். கலச்சொற்களை ஊர்தோறும் செயல்முறை வரிசையில் பதிவுசெய்து, இலக்கியச் சொற்களோடு ஒப்பிட்டு, தொல்லியல் அறிக்கைகளுக்குப் பயன்படும் சொல்லடைவாக ஆக்குதல் வருங்கால ஆய்வுக்குரிய களமாகும்.